வறள் பசுமைக்காடும் முட்புதர்க்காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்திலும் மழை குறைந்த உள்மாவட்டங்களிலும் உள்ள குட்டைக்காடுகள், புதர்க்காடுகள், முட்காடுகள் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் காட்டைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறோம்.

முள்ளும் புதருமாகக் கிடக்கும் நிலத்தைக் காடு என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அரசுக் கணக்கு அப்படிச் சொல்வதில்லை. இந்திய வன அளவைத் துறை ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கைகளில், மரக்கவிகை, அதாவது மரக்கிளைகள் மேலே மூடும் பரப்பு, 10 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள வனநிலம் ‘புதர்’ என்ற தனிப் பிரிவில் வைக்கப்படுகிறது. அது வனப்பரப்பின் கூட்டுத்தொகையில் சேராது. தரிசு நிலங்களுக்காக நடுவண் அரசு வெளியிடும் வரைபடத் தொகுப்பிலோ அடர்ந்த புதர்நிலமும் திறந்த புதர்நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. வருவாய்த்துறைப் பதிவேட்டைப் புரட்டினால் அதே நிலம் ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘கல்லாங்குத்து’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்ற பெயர்களில் இருக்கும். ஒரு நிலத்தின் மேல் என்ன வளர்கிறது என்பதைச் சொல்லாமல், அதன் தரையையும் பயனையும் வரியையும் மட்டும் சொல்லும் சொற்கள் இவை. சூரிய மின்தகடு, தொழிற்பேட்டை, குப்பைக்கிடங்கு என எதற்கு இடம் தேடினாலும் முதலில் கைவைக்கப்படுவது இத்தகைய நிலமாக இருப்பதற்கு இந்தப் பெயரிடலும் ஒரு காரணம்.

ஊர்ப்பெயர்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. காரைச்செடியால் காரைக்குடி, உசிலை மரத்தால் உசிலம்பட்டி, விராலிச் செடியால் விராலிமலை என்று அந்தந்த ஊரார் சொல்வார்கள். இவை மூன்றும் வறள்காட்டுத் தாவரங்கள்.

இவற்றில் எத்தனை வகை உண்டு? எப்படி அடையாளம் காண்பது?

இந்தியக் காடுகளுக்குச் சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் 1968-இல் செம்மைப்படுத்தித் தந்த வகைப்பாடுதான் இன்றும் வனத்துறையின் அடிப்படை. அதன்படி நம் பகுதிக்கு முக்கியமானவை இரண்டு பெரும்பிரிவுகள்: கடலோரத்து வறள் பசுமைக்காடு ஒன்று, முட்காடும் அதைச் சார்ந்த முட்புதர்க்காடும் மற்றொன்று.

வறள் பசுமைக்காடு சென்னைக்குத் தெற்கே மரக்காணம், புதுச்சேரி, கடலூர், புதுக்கோட்டை, கோடியக்கரை எனக் கடலோரப் பட்டையில் துண்டு துண்டாக இருக்கிறது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். மரங்கள் பெரும்பாலும் 12 மீட்டரைத் தாண்டுவதில்லை. வீரை, பாலை, காசான், இரும்பிலி, காட்டு எலுமிச்சை ஆகியவை இதன் முகவரி. பாலை என்ற பெயரில் பால் வடியும் மரங்கள் பல இருப்பதால், இங்கே குறிப்பது உலக்கைப்பாலை என்று தெளிவுபடுத்திவிடுவது நல்லது. உலக்கை செய்யுமளவு கனமான கட்டை அது. காசான்தான் பழம்பாடல்களின் காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லக் கேட்டிருப்பவர்கள் பலர், அந்தப் பூவைப் பார்த்திருப்பவர்கள் சிலர். கிளையின் பட்டையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக அடர்நீலத்தில் பூத்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும்.

உள்நாட்டு முட்காடு வேறு முகம் கொண்டது. உசிலை, வெள்வேல், விடத்தலை, கிளுவை ஆகிய மரங்கள் விலகி விலகி நிற்க, இடையில் காரை, சூரை, களா, ஆவாரை, விராலி ஆகிய செடிகளும் புல்லும் வளரும். பாறையும் சரளையும் மிகுந்த இடங்களில் சதுரக்கள்ளியும் அதன் மேல் தொற்றிய பிரண்டையும் ஆட்சி செய்யும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் போனால் குடை விரித்தாற்போல் தட்டையான உச்சியுடன் நிற்கும் உடைமரம், அதாவது குடைவேல், தனிக்காடாகவே இருக்கும். அதை அங்கே உடங்காடு என்பார்கள்.

ஆண்டில் பாதி மழையில்லாத கரையில் இலை உதிர்க்காத காடு எப்படி நிற்கிறது?

சோழமண்டலக் கரையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. தை முடிந்தால் நீண்ட உலர்காலம். இந்த மழையளவில் மற்ற இடங்களில் இலையுதிர்காடு நிற்கும். இங்கே மட்டும் பசுமைக்காடு நிற்பது தாவரவியலாளர்களை வெகுகாலமாகச் சிந்திக்க வைத்த கேள்வி. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இதை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

விடையின் ஒரு பகுதி இலையில் இருக்கிறது. வீரை இலையை மடித்துப் பாருங்கள். தோல்போல் தடித்து, மேற்புறம் மெழுகு பூசினாற்போல் பளபளக்கும். ஒருமுறை செலவழித்துச் செய்த இலையை ஓராண்டுக்கு மேலும் வைத்துக்கொள்ளும் இம்மரங்களுக்கு, சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தாலும் ஆடியில் இரண்டு தூறல் போட்டாலும் உடனே வேலை செய்ய இலை தயாராக இருக்கிறது. இலையுதிர்த்த மரமோ முதலில் தளிர் விட வேண்டும். மழை எப்போது வரும் என்று நிச்சயமில்லாத கரையில் இது சாதாரண ஆதாயமில்லை. கடற்காற்றின் ஈரப்பதமும், காட்டுக்குள் வெயில் புகாத நிழலும், உதிர்ந்த சருகு மண்ணில் காக்கும் ஈரமும் இதற்குத் துணை. ஆகவேதான் காட்டை ஒரு பக்கம் திறந்துவிட்டால் வெட்டாத மரங்களும் வாடத் தொடங்குகின்றன.

முட்புதர்க்காடு என்பது கெட்டுப்போன பசுமைக்காடுதானே?

இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்பவரை நம்ப வேண்டாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வறள்நிலத்தைத் தனி நிலமாக எண்ணாமல், வேறொன்றின் துன்பநிலையாக எண்ணும் பார்வை அது. அண்மைக்கால வனவியலும் வெகுநாள் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணியது: மேலே பசுமைக்காடு, அதை வெட்டினால் அடர்புதர், மேய்த்தால் திட்டுப்புதர், மேலும் மேய்த்தால் முள்ளும் கட்டாந்தரையும் என்று ஒரு படிவரிசை.

கடலோரத்தில் இது பெரிதும் பொருந்துகிறது. விறகுக்காகவும் கரிக்காகவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்பட்ட பசுமைக்காடு, சாவதற்குப் பதிலாக அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்து இடுப்பளவுப் புதராகத் தங்கிவிடும். பார்ப்பவர் அதைச் செடி என்று நினைப்பார். அடியைத் தோண்டினால் தொடை பருமனுக்கு ஒரு பழைய முண்டு மண்ணுக்குள் இருக்கும். இத்தகைய நிலத்துக்கு நாற்றே தேவையில்லை. வெட்டையும் மேய்ச்சலையும் சில ஆண்டுகள் நிறுத்தினால் போதும், மண்ணுக்குள் இருக்கும் காடு தானாக எழும்.

ஆனால் காங்கேயம், தாராபுரம் போன்ற, மழை பல இடங்களில் 700 மில்லிமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் நிற்கும் வெள்வேலும் கிளுவையும் புல்லும் எந்தப் பசுமைக்காட்டின் எச்சமும் இல்லை. பாறைச்சரிவில் நிற்கும் கள்ளிக்காடும், தேரி என்னும் செம்மணல் மேடுகளை ஒட்டி நிற்கும் உடைமரமும் அப்படியே. அந்த மண்ணுக்கும் மழைக்கும் உரிய முழு உருவம் அதுதான். இவற்றை ‘மீட்க’ப் போகிறோம் என்று குழி தோண்டி நிழல்மரங்களை நெருக்கி நடுவது, நல்ல உடம்புக்கு மருந்து கொடுப்பது போன்றது. வெளிமானும் கௌதாரியும் திறந்த வெளியை நம்பி வாழ்பவை. அங்கே கவிகை மூடினால் அவை வெளியேறும்.

ஆகவே எந்தப் புதர்நிலத்தையும் தொடுவதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மண்ணுக்குள் பழைய அடிக்கட்டைகள் இருக்கின்றனவா? அருகில் உள்ள கோயில்காட்டிலோ வரப்போரத்திலோ வீரை, பாலை, காசான் நிற்கின்றனவா? மண் ஆழமாக இருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடையானால் கடப்பாரையைக் கீழே வைத்துவிடலாம்.

முட்செடிகளால் காட்டுக்கு என்ன பயன்?

மரக்காணத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில் ஆளுயரச் சங்கஞ்செடிப் புதர் ஒன்றைக் குச்சியால் விலக்கிப் பார்த்தேன். கணுவுக்கு நான்கு முள் வீதம் வைத்திருக்கும் செடி. கையை விட முடியாது. உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு வேம்பு, அதனடியில் விரல் நீளத்தில் இரண்டு வீரைக்கன்றுகள், ஓரத்தில் நுணா ஒன்று. புதருக்கு வெளியே ஆட்டுக்குளம்பு மிதித்த மண்ணில் ஒரு கன்றும் இல்லை. அந்தக் கன்றுகளை நட்டவை பறவைகள். கொண்டைக்குருவியும் குயிலும் பழத்தைத் தின்று புதரின் மேல் வந்து உட்கார்ந்து எச்சமிட, விழுந்த விதைக்கு நிழலும் சருகும் முள்வேலியும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன.

காரை, சூரை, களா ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. நிலத்தைத் ‘துப்புரவு’ செய்துவிட்டு மரம் நடுபவர்கள் முதலில் வெட்டி எரிப்பது இவற்றைத்தான். பிறகு ஆட்டுக்குப் பயந்து கன்றுக்கு ஒன்றாகக் கம்பிக்கூண்டு வாங்குகிறார்கள்.

கோயில்காடுகள் இந்தத் தாவரங்களைக் காப்பாற்றிவிடும் அல்லவா?

இதுவரை காப்பாற்றியவை அவைதான். ஐயனார், பிடாரி, காளி, ஏழு கன்னியர் என்று தெய்வம் எதுவாயினும், கிளை ஒடிக்கக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த இடங்களில் பாலை முழுமரமாக நிற்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சினீஸ்வரர் ஐயனார் கோயில்காடு இதற்குப் பேர்பெற்றது.

இன்றைய சிக்கல் பக்தி குறைந்ததால் வந்ததில்லை. பணம் வந்ததால் வந்தது. மரத்தடியில் கல்லாக இருந்த சாமிக்குக் கருவறை, முன்மண்டபம், தகரக்கொட்டகை, சிமென்ட் தளம், வண்டி நிறுத்துமிடம் என ஒவ்வொரு குடமுழுக்கிலும் காடு ஒரு சுற்று பின்வாங்குகிறது. நான் அறிந்த ஒரு சிறு கோயில்காட்டில் பொங்கல் வைக்க வருபவர்களின் அடுப்புக்காகவே உட்பகுதியில் ஒரு வட்டம் வெட்டவெளியாகிவிட்டது. அந்த வட்டத்தைச் சுற்றி இப்போது நிற்பது உண்ணிச்செடி என்ற அயல் புதர். வேலி போட்டுத் தடுப்பதைவிட, அடுப்பு மூட்டும் இடத்தைக் காட்டின் விளிம்புக்கு வெளியே மாற்றிக்கொள்ளும்படி ஊர்ப்பெரியவர்களிடம் பேசுவது பலன் தரும். சாமி சொத்தில் வெளியார் கைவைப்பதை யாரும் விரும்புவதில்லை, அதில் தவறும் இல்லை.

சீமைக்கருவேலத்தை வேரோடு அழித்துவிட்டால் போதாதா?

முதலில் இரண்டு வதந்திகளை ஒதுக்கிவிடலாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. யாரோ பகைவர்கள் இரகசியமாகத் தூவிவிட்டுப் போனார்கள் என்பதும் கதை. 1877-இல் சென்னை மாகாண வனத்துறையே, விறகுத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக விதை தருவித்துக் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டது.

தீங்கு உண்மையே. இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்ன, சாணத்தோடு வெளிவரும் விதை எளிதாக முளைக்கிறது. நெருங்கி வளர்ந்து அடியில் மற்றவை முளைக்கவிடாமல் செய்கிறது. வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையை அடுத்து மாநிலமெங்கும் பொக்லைன் இறங்கியது. பல இடங்களில் புரட்டிய மண்ணில் அடுத்த மழைக்கே புதைந்திருந்த விதை முளைத்து முன்னிலும் நெருக்கமாக வந்தது. பொக்லைனுக்குச் சீமைக்கருவேலமும் காரையும் ஒன்றுதான் என்பதால், இடையிடையே ஒண்டியிருந்த நம் செடிகளும் சேர்ந்தே போயின. 2022-இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு அந்த இடத்தின் இயல்பான தாவரங்களை மீட்பதையும் சேர்த்துப் பேசுகிறது. அது சரியான வரிசை.

சிறு பரப்பில் செய்யக்கூடியது இது: வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஆண்டுக்கு ஒரு பகுதியாக, தூரோடு கையால் அகற்றுதல், அடியில் இருக்கும் வேம்பு, நுணா, உசிலைக் கன்றுகளைக் குச்சி நட்டு அடையாளமிட்டுக் காத்தல், அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் முளைக்கும் நாற்றுகளை ஈரமண்ணில் பிடுங்குதல். மூன்றாவதைச் செய்ய மனமில்லாதவர் முதலாவதைத் தொடங்காமல் இருப்பது மேல். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை மறந்து போடும் திட்டம் எதுவும் அங்கே செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சப்பாத்திக்கள்ளியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதிற்பூச்சி சில ஆண்டுகளில் ஒடுக்கிய வெற்றியைக் காட்டி, இதற்கும் ஒரு பூச்சி வராதா என்று கேட்பவர்கள் உண்டு. சப்பாத்திக்கள்ளிக்கு இங்கே நெருங்கிய உறவினர் இல்லை. சீமைக்கருவேலத்துக்கு வன்னி மரம் உடன்பிறப்பு. அதையும் தின்னாத பூச்சியாகத் தேட வேண்டும்.

மரம் நடும் இயக்கங்கள் இக்காடுகளுக்கு நல்லதுதானே? மியாவாக்கி முறையில் நட்டால் என்ன?

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடும் மரமும் மூடிய பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்கிறது. வயல் வரப்பு, சாலையோரம், பள்ளி வளாகம், கைவிட்ட கற்குழி ஆகியவற்றில் நட இடம் நிறைய உண்டு. இலக்கை எட்டும் அவசரத்தில் புதர்நிலத்தையும் ‘காலி இடம்’ என்று கணக்கில் எடுத்தால்தான் இழப்பு. புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரத் தோட்டங்களையும் கடலூர்ப் பக்கத்துச் சவுக்கு, முந்திரித் தோப்புகளையும் பார்த்தவர்களுக்கு, பச்சையாக இருப்பதெல்லாம் காடாகிவிடாது என்பது தெரியும்.

மியாவாக்கி முறை சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நட்டுத் தண்ணீர் விட்டு விரைவாக வளர்ப்பது. ஈரம் மிகுந்த சப்பானியக் காடுகளை மனத்தில் கொண்டு உருவானது. நகரத்தில் ஒரு மூலையை நிழலாக்க உதவும். ‘குறுங்காடு’ என்ற நல்ல சொல்லை அது எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். அந்தச் சொல்லுக்குரிய காடு முன்பே இங்கே இருக்கிறது.

ஆடு மாடு மேய்ப்பதை முற்றிலும் நிறுத்த வேண்டுமா?

துளிர்க்கும் கடலோரக் காட்டில் சில ஆண்டுகளுக்கு நிறுத்த வேண்டும். எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடு மேய்ச்சலாலேயே நிலைத்திருக்கும் நிலம். கிளுவைக் கம்பை நட்டு உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேலும் விட்டு, வேலியால் பிரித்த காடுகளில் மாற்றி மாற்றி மாட்டை விடுகிறார்கள். காங்கேயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில். வெள்வேல் நெற்றுகளைக் கோடையில் ஆடு தின்னும். வேலிக்குள் உடும்பும் கௌதாரியும் முயலும் இருக்கும். தனியார் பட்டா நிலத்தில், யாரும் பாதுகாப்பு என்று பெயரிடாமலேயே நடந்துவரும் பாதுகாப்பு இது. இன்று மனை விற்பனைக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

இலங்கையிலும் இதே காடு உண்டா?

உண்டு, இங்கிருப்பதைவிடப் பெரிய பரப்பில். வடக்கே வன்னிப் பகுதியிலும் வில்பத்து தேசியப் பூங்காவிலும் வீரை, பாலை, கருங்காலி, முதிரை நிற்கும் காடு நம் கடலோரக் காட்டின் நெருங்கிய உறவு. ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும்போது வில்பத்துவில் கரடிகள் மரமேறித் தின்பதைக் காண முடியும். அங்கே ‘பற்றைக்காடு’ என்பது நாம் புதர்க்காடு என்பதற்கு ஈடான சொல்.

சட்டப்படி காக்கப்பட்ட இடங்கள் எவை?

கோடியக்கரை 1967-இலிருந்து சரணாலயம். அதன் பாலைமரக்காடு இவ்வகையில் தமிழகத்தின் சிறந்த துண்டுகளில் ஒன்று. சென்னை நகருக்குள்ளேயே கிண்டி, 1978-இலிருந்து தேசியப் பூங்கா. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, 1987-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட புதர்மலை. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அமைந்தது. தரையில் இறங்கத் தயங்கும் தேவாங்குக்குக் கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் முட்காடு வேண்டும் என்பதால், ஒரு விலங்கின் பெயரால் ஒரு தாவரக்கூட்டம் முழுவதும் காப்புக்குள் வந்தது. இவை தவிர்த்த சிறு துண்டுகளில் பெரும்பாலானவை வருவாய்ப் புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் இருப்பதால், வனச்சட்டம் அவற்றைத் தொடுவதில்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன் கீழ் ஊராட்சிகளில் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுதான் அங்கே கையில் உள்ள கருவி. பல ஊர்களில் அது தாளில் இருக்கிறது.

நாற்று வளர்க்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பாலையிலிருந்து தொடங்குங்கள். சப்போட்டா ஒட்டுக்கட்ட வேர்க்கன்றாகப் பயன்படுவது இதன் நாற்றுத்தான் என்பதால், ஒட்டுக்கன்று நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதன் பக்குவம் தெரியும். மரத்தடியில் விழுந்த மஞ்சள் பழங்களை ஆனியிலோ ஆடியிலோ பொறுக்கி, சதையைக் கழுவி, காயவைத்துச் சேமிக்காமல் உடனே மணல் கலந்த செம்மண்ணில் விதையுங்கள். பாதி நிழல் வேண்டும். மெதுவாகத்தான் வளரும், முதல் ஆண்டில் ஒரு சாண் வந்தாலே நிறைவு. வீரையும் காசானும் அதைவிட மெதுவானவை. நடும்போது வெட்டவெளியில் குழி தோண்டாமல், ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு, ஏதேனும் ஒரு சங்கஞ்செடியின் வடக்கு ஓரமாகப் பார்த்து வையுங்கள்.